எங்கள் காற்றைப் பிடுங்கிய மலை

மலை என்றால் என்னவென்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். தென்காசிப் பக்கம் பிறந்தவள் நான். வாசலில் நின்று பல் தேய்த்தால் எதிரே மலை. ஆனி பிறந்துவிட்டால் கணவாய் வழியாக வரும் சாரல் கொடியில் போட்ட துணியைக் காய விடாது. அருவிக்கரைப் பாறைகளில் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறி இறங்கிய கால்கள் என்னுடையவை. ஆகையால் ராயபுரத்துக்காரர்கள் தங்கள் கடற்கரையில் கிடந்த கருங்கல் குவியலை ‘மலை’ என்று சொன்னபோது எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு கோபம் வந்தது. அந்தக் கோபம் இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை.

நாங்கள் ராயபுரத்துக்கு வந்ததே காற்றுக்காகத்தான். என் வீட்டுக்காரர் எனக்கு அத்தை மகன். அத்தான் என்றுதான் கூப்பிடுவேன். கொத்தவால் சாவடிப் பக்கம் மிளகாய் வற்றல் மண்டி வைத்திருந்தார். மூட்டை பிரிக்கும்போதெல்லாம் கிளம்பும் நெடியை வருஷக்கணக்காகச் சுவாசித்து அவருக்கு இழுப்பு வந்துவிட்டது. இழுப்பு என்றால் கூட இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். மனுஷன் படுக்க முடியாது. சுவரில் தலையணையை முட்டுக்கொடுத்து உட்கார்ந்தபடியே விடிய வேண்டும். மூச்சு உள்ளே போகும்போது ஒரு விசில், வெளியே வரும்போது ஒரு விசில். கலியாணமான மறு வருஷத்திலிருந்து அந்த விசிலைக் கேட்டுக்கொண்டேதான் நான் தூங்கினேன். விசில் நின்றால் திடுக்கிட்டு விழித்துக்கொள்வேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. என் காது இரண்டும் அவருடைய மூச்சில்தான் குடியிருந்தன.

“மண்டியைத் தம்பியிடம் விட்டுவிட்டுக் கடல் காற்றுக்குப் போங்கள், இல்லாவிட்டால் அடுத்த கோடையைத் தாண்ட மாட்டீர்கள்” என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். சுதந்திரம் வந்த மறு வருஷம் அது. துறைமுகத்துக்கு வடக்கே, கடலைப் பார்த்த ஒரு சந்தில், ஓட்டு வீடு கிடைத்தது. முன்னறையில் பெரிய ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே மணல், மணலுக்கு அப்பால் தண்ணீர். நடுவில் ஒன்றுமே இல்லை.

சென்னையில் கடல் காற்று மத்தியானத்துக்கு மேல்தான் வரும். அதுவரை மேற்கேயிருந்து அனலடிக்கும். பிறகு யாரோ கதவைத் திறந்துவிட்டது மாதிரி கிழக்கேயிருந்து குளுமையாக இறங்கும். எங்கள் ஜன்னல் திரை எழும்பி உத்தரத்தைத் தொடும். குடிவந்த முதல் வாரத்திலேயே அத்தான் காலை நீட்டிப் படுத்துத் தூங்கினார். மல்லாந்து படுத்து, வாயை மூடிக்கொண்டு, எல்லாரையும் போல. நான் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அவ்வளவு சந்தோஷம்.

இரண்டு மாதம் இருந்தது அந்தச் சந்தோஷம். பிறகு கல் வந்தது.

வடக்கே கரையைக் கடல் தின்றுகொண்டு வருகிறது, கல் போட்டு நிறுத்த வேண்டும் என்று பேச்சு. யாரோ ஒரு கான்ட்ராக்டர் அந்த வேலையை எடுத்திருந்தான். ரயில் தண்டவாளத்தை மணல்வரை நீட்டி, வேகன் வேகனாகக் கருங்கல்லைக் கொண்டுவந்து எங்கள் ஜன்னலுக்கு எதிரே கொட்டினார்கள். இங்கே குவித்து வைத்துக்கொண்டு வேண்டியபோது வடக்கே எடுத்துப் போவார்களாம். கொட்டினார்கள், கொட்டினார்கள், எங்கள் கூரையைவிட இரண்டு மடங்கு உயரத்துக்குக் கொட்டினார்கள். எடுத்துப் போனதை மட்டும் நான் பார்க்கவில்லை.

“எப்போதய்யா எடுப்பீங்க?” என்று மேஸ்திரியைக் கேட்பேன்.

“தை பொறந்தா எடுத்துடுவோம்மா” என்பான். தை பிறக்கும். இன்னும் நாலு வேகன் வரும்.

முதல் நாள் விழுந்த கற்களைத் தொட்டுப் பார்த்தேன். உடைந்த முகம் நீலம் கலந்த கறுப்பு, எண்ணெய் தடவின மாதிரி ஒரு மினுக்கு. கூலியாள் சம்மட்டியால் தட்டினால் வெண்கலப் பானையைத் தட்டின ஓசை. பல்லாவரத்துக் குன்றுகளை வெடி வைத்து உடைத்துக் கொண்டுவருவதாக மேஸ்திரி பெருமையோடு சொன்னான். பூமிக்கு அடியில் வெந்து இறுகின கல், உலகத்திலேயே பழைய கல்லில் சேர்த்தி என்று வெள்ளைக்கார இன்ஜினியர் ஒருவர் சொன்னாராம். பழைய கல்லாக இருந்தால் இருந்த இடத்திலேயே இருந்திருக்க வேண்டியதுதானே. என் ஜன்னலுக்கு எதிரே என்ன வேலை அதற்கு? ஒரே ஒரு மழைக்காலம் உப்புக்காற்றில் கிடந்ததும் அந்த மினுக்கும் போய், கல்லுக்குள் இருந்த இரும்பு வெளியே வந்து, மேல்தோல் துருப்பிடித்த தகரம் போலப் பழுப்பேறியது.

எங்கள் ஊர் மலையில் மண் உண்டு, மரம் உண்டு, ஊற்று உண்டு. பாறையில் கால் வைத்தால் பாறை அங்கேயே இருக்கும். இது அப்படியில்லை. கொட்டின வாக்கில் ஒன்றன்மேல் ஒன்று தொற்றிக்கொண்டு நிற்கும் கற்கள். எந்தக் கல் ஆடும், எது ஆடாது என்று மிதித்த பிறகுதான் தெரியும். நடுவில் ஆள் விழுந்தால் தேடக் கிடைக்காத பொந்துகள். அலை உள்ளே நுழைந்து களக் களக்கென்று கொப்பளிக்கும். நண்டு, எலி, செத்த மீனின் வாடை. கடலைப் பார்த்த பக்கம் முழுக்க வழுக்குப் பாசி. சுற்றிக்கொண்டு போகலாம் என்றால் ஒரு பக்கம் ரயில்வே வேலி, மறுபக்கம் வெகுதூரம். கடலைப் பார்க்க வேண்டியவர்கள் கையும் காலும் ஊன்றித் தொற்றித் தொற்றித்தான் ஏற வேண்டும்.

அதைவிடக் கொடுமை, அந்தக் குவியலுக்கென்று ஒரு தனிச் சீதோஷ்ணம் இருந்தது. காலையிலிருந்து வெயிலைக் குடித்துக்கொண்டே இருக்கும். மத்தியானம் கடல் காற்று வரும். வந்துவிட்டது என்று எங்களுக்குத் தெரியும், ஏனென்றால் சந்தின் கோடியில் நின்ற தென்னையின் உச்சி ஆடும். ஆனால் எங்கள் திரை தொங்கினது தொங்கினபடி இருக்கும். காற்று கல்லில் மோதி, ஏறி, எங்கள் ஓட்டுக்கு மேலாகத் தாண்டி, இரண்டு தெரு தள்ளிப் போய் இறங்கியது. அங்கே இருந்தவர்கள் வாசலில் கட்டிலைப் போட்டுக்கொண்டு சுகமாக உட்கார்ந்தார்கள். கடலுக்கு எதிர்வீடு எங்களுடையது. நாங்கள் பனை விசிறியை ஆட்டிக்கொண்டு கிடந்தோம். எங்கள் ஊரிலும் இதே கதைதான்: மலைக்கு மறைவில் இருக்கிறவனுக்கு மழை இல்லை, கணவாய்க்கு நேரே இருக்கிறவனுக்கு மட்டும் சாரல். அதைச் செய்வது கடவுள் போட்ட மலை என்பதால் யாரும் சண்டைக்குப் போவதில்லை. இதைப் போட்டது கான்ட்ராக்டர்.

பொழுது சாய்ந்ததும் கல் தான் வாங்கி வைத்த சூட்டையெல்லாம் எங்கள் பக்கம் கொட்டும். ஐப்பசியில் முதல் மழை விழுந்தபோது குவியல் முழுக்கச் சுர்ரென்று சீறி ஆவி விட்டது. அந்த ஆவி நேரே எங்கள் முன்னறைக்குள் வந்தது. அத்தான் மறுபடியும் சுவரில் சாய்ந்துகொண்டார். விசில் திரும்பி வந்தது.

“வேற வீடு பாப்போம் அத்தான்” என்றேன் ஆயிரம் தடவை.

“தையில எடுத்துருவான்லா” என்பார். மேஸ்திரி சொல்வதை நம்பிய ஒரே மனிதர் அவர்தான்.

இந்தச் சமயத்தில்தான் மீன்காரி வந்து சேர்ந்தாள். பக்கத்துக் குப்பத்துக்காரி, ஐம்பது வயதிருக்கும், கட்டுமரத்துக்குப் போகிற இரண்டு மகன்கள். எல்லாரையும் வயிறெரிய வைத்த அந்தக் கல் அவளுக்கு மட்டும் லாட்டரிச் சீட்டாக விழுந்தது. மணலில் இரண்டு நாள் காய வேண்டிய நெத்திலி கல்மேல் ஒரே நாளில் சருகாகக் காய்ந்துவிடுமாம், மண்ணும் ஒட்டாதாம். உச்சியில் தட்டையாக நாலைந்து கல் இருந்தது. அதைத் தன் வீட்டு முற்றம் மாதிரி பிடித்துக்கொண்டு, கூடை கூடையாக மீனைப் பரப்பி, நாலு கழியில் கோணியைக் கட்டி நிழலும் போட்டுக்கொண்டாள். நாங்கள் சைவம், வீட்டில் முட்டைகூட ஏறாது. காற்றுத்தான் வரவில்லை, நாற்றம் மட்டும் கல்லின் இடுக்கெல்லாம் புகுந்து தவறாமல் வந்தது. நான் ஜன்னலில் நின்று கத்துவேன். அவள் உச்சியில் நின்று பதில் கத்துவாள். சந்து முழுக்க வேடிக்கை பார்க்கும்.

அந்த வருஷம் சித்திரையில் ஒரு நாள் அத்தானுக்கு இழுப்பு ரொம்ப மோசமாகிவிட்டது. உதடு நீலம் பாரித்தது. தோள் எலும்பு இரண்டும் ஒவ்வொரு மூச்சுக்கும் மேலே தூக்கித் தூக்கி விழுந்தது. நான் விசிறி விசிறிக் கை ஓய்ந்து நிமிர்ந்து பார்க்கிறேன்: தென்னை உச்சி ஆடுகிறது. எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு வெறி வந்ததோ. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு போய்க் கல்லில் கை வைத்தேன்.

வைத்த கையை எடுத்துவிட்டேன். தோசைக்கல்லில் வைத்த மாதிரி சுட்டது. மறுபடியும் வைத்தேன். முந்தானையைக் கிழித்துச் சுற்றிக்கொள்ள வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. ஒரு கை பிடித்து, மறு கை தேடி, கால் விரலால் தடவி நிலை பார்த்து, உடம்பைத் தூக்கி மேலே போட்டுக்கொண்டு, அடுத்த கல். ஒன்று ஆடியது. ஒன்று புரண்டு என் கணுக்காலை உரசிக்கொண்டு பொந்துக்குள் விழுந்தது. பிறந்த ஊர்ப் பாறைகளில் கற்றதெல்லாம் இங்கே செல்லவில்லை. உச்சிக்குப் போய்த் தலையை நீட்டினேன். காற்று முகத்தில் அறைந்தது.

எவ்வளவு காற்று! கூந்தல் அவிழ்ந்து பறந்தது. கோணி படபடவென்று அடித்துக்கொண்டது. டாக்டர் எழுதிக்கொடுத்த காற்று அத்தனையும் அங்கே நெத்திலிமேல் வீசிக்கொண்டிருந்தது. நான் அங்கேயே நின்று வாய்விட்டு அழுதேன். பிறகு அங்கே கூடையோடு நின்ற மீன்காரியை வாய்க்கு வந்தபடி ஏசினேன்.

“இன்னாமே, சொம்மா கூவிகினு கீறே?” என்று அவள் இடுப்பில் கை வைத்தாள். “நானா இந்தக் கல்லக் கொண்டாந்து கொட்னேன்? அவுனுங்கோ கொட்னானுங்கோ. காலியா கீது, மீன் காய வெக்கிறேன். காத்து இன்னா உங்க நைனா வூட்டு சொத்தா?”

“கீழே ஒரு மனுசன் மூச்சு முட்டிச் சாகக் கிடக்காரு. நீ மீனுக்கு விசிறிட்டு இருக்க!”

“அவுரு இஸ்துகினு கீறது எங்க வூடு வரிக்கும் கேக்குது. அத்தெல்லாம் தெர்யும்.” அவள் கூடையைக் கீழே வைத்தாள். “இட்டுகினு வாயேன் மேல.”

“அவரால ரெண்டு படி ஏற முடியாது.”

“எம் பசங்க கட்டையத் தூக்கினு தினம் ஏறுறானுங்கோ. அதோட இத்தையும் ஒரு தூக்கு தூக்கினா முட்ஞ்சிது.”

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. கட்டுமரக்காரர்கள் காலையில் நிலக்காற்றில் கடலுக்குப் போய், மத்தியானம் கடல் காற்றில் பாய் கட்டித் திரும்புவார்கள். திரும்பியதும் கயிற்றை அவிழ்த்து, மரத்தைத் தனித்தனிக் கட்டையாகப் பிரித்து, காய்வதற்காகத் தோளில் சுமந்து கல்மேல் ஏற்றுவார்கள். தண்ணீர் குடித்த கட்டை. அந்தக் கட்டையும் என் புருஷனும் அவளுக்கு ஒன்று!

“எங்க வீட்டு ஆளை மரக்கட்டை மாதிரி தூக்கிட்டுப் போவீயளோ? உன் சோலியைப் பாரு” என்று சொல்லிவிட்டு இறங்கினேன். இறங்குவது ஏறுவதைவிடக் கஷ்டம். உட்கார்ந்து உட்கார்ந்து, சறுக்கிச் சறுக்கி, அவள் மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருக்க, கேவலப்பட்டு இறங்கினேன்.

நாங்கள் கத்தியது அத்தான் காதில் விழுந்திருக்கிறது. எனக்குத் தெரியாமல் குப்பத்துக்குச் சொல்லியனுப்பிவிட்டார். மறுநாள் மத்தியானம் வாசலில் ஆள் அரவம். மீன்காரியின் மகன்கள் இரண்டு பேரும், கூட இரண்டு ஆட்களும், ஒரு நீளக் கழியில் வலைக்கயிற்றால் ஊஞ்சல் மாதிரி கட்டித் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். இவர் ஏற்கெனவே சட்டையைப் போட்டுக்கொண்டு, தோளில் துண்டோடு, கதவைப் பிடித்து நிற்கிறார்.

“அத்தான், ஊரே சிரிக்கும்” என்றேன்.

“சிரிக்கட்டும். அவங்களுக்கு மூச்சு இருக்கு, சிரிக்காங்க” என்றார்.

அவரைக் கயிற்றில் உட்காரவைத்துத் தூக்கினார்கள். முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர். செருப்பில்லாத காலால் கல்லைத் தொட்டுப் பார்க்காமலே ஏறினார்கள். கழி சாயும்போதெல்லாம் நான் கீழே நின்று கத்தினேன். உச்சியில் கோணி நிழலில் இறக்கினார்கள். கீழேயிருந்து பார்த்தால் வெள்ளைத் துண்டு ஒன்று மட்டும் பறப்பது தெரிந்தது.

பொழுது சாயத் திரும்பி வந்தபோது முகத்தில் ரத்த ஓட்டம் இருந்தது. ரசம் சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். காலை நீட்டிப் படுத்தார். உடம்பு முழுக்கக் கருவாட்டு நாற்றம். நான் அவர் வேட்டியை விரல் நுனியால் தூக்கிக் கொல்லையில் போட்டேன். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும், பட்டேன் என்றும் சொல்லலாம். ஆனால் பற்றிக்கொண்டு எரிந்தது. இத்தனை வருஷம் கஷாயம் வைத்து, நெஞ்சு தடவி, விசிறி மட்டை தேய விசிறினவள் நான். நல்ல பெயர் அவளுக்குப் போய்விட்டது.

அன்றிலிருந்து தினமும் மத்தியானம் கழி வந்தது. மழை நாளில் மட்டும் வராது. நான் ஒரு நாளும் கூடப் போகவில்லை. அவர் மேலே என்ன செய்கிறார் என்று சந்தில் வந்து சொல்லுவதற்கு ஆளா இல்லை? குச்சியை வைத்துக்கொண்டு காக்காய் ஓட்டுகிறாராம். நெத்திலியைப் புரட்டிப் போடுகிறாராம். கறிவேப்பிலை வாசனைகூடப் பிடிக்காமல் ஒதுக்கிவைக்கும் என் வீட்டுச் சைவப் பழம்!

“அப்படி என்னதான் பேசுவீங்க அவகிட்ட?” என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

“ஒண்ணும் பேசுறதில்லளா. அவ மீன் பாக்கா. நான் மூச்சு விடுதேன்.”

அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. இரண்டு பேர் தினம் பொழுது சாய்கிறவரை ஒன்றுமே பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள் என்றால், அது பேசினதைவிட எனக்கு அதிகமாக உறைத்தது. என்னோடு இருக்கும்போது அவர் பேசாமல் இருந்ததில்லை. “தண்ணி கொண்டா”, “முதுகைத் தடவு”, “ஜன்னலைத் திற”. நான் அவருக்கு வியாதியின் ஆள். அவள் காற்றின் ஆள். என் பங்கில் விசில் மட்டும் விழுந்தது.

மீன்காரியும் விட்டுக்கொடுக்கவில்லை. கீழே என்னைப் பார்த்தால், “இன்னாமே, மூஞ்சத் தூக்கி வெச்சிகினு கீறே? உன் ஆள நாங்க ஒண்ணும் துன்னுட மாட்டோம்” என்பாள். நான் காறித் துப்பிவிட்டுக் கதவைச் சாத்துவேன்.

இரண்டு கோடை இப்படிப் போயிற்று. பிறகு ஆடி வந்தது.

ஆடியில் மேற்குக் காற்று மல்லுக்கு நிற்கும். கடல் காற்றை நேரத்துக்கு உள்ளே விடாது. அன்றைக்கு அவர் காலையிலிருந்தே மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். “இன்னிக்குப் போக வேண்டாம், மேலேயும் காத்தில்ல” என்று கையைப் பிடித்தேன். “வரும்” என்றார். கழியில் ஏறிப் போய்விட்டார். நான் ஜன்னலில் உட்கார்ந்து தென்னையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஓலை அசையவில்லை. வெகுநேரம் அசையவில்லை. பிறகு லேசாக ஆடியது. நன்றாக ஆடியது. அப்பாடா என்று எழுந்து அடுப்பைப் பற்றவைத்தேன். காபி கொதிக்கும்போது மேலேயிருந்து அவள் குரல் வந்தது. எப்போதும் கத்துகிற குரலில்லை அது.

எப்படி ஏறினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எந்தக் கல் சுட்டது, எது ஆடியது, ஒன்றும் நினைவில்லை. முழங்கால் இரண்டும் கிழிந்திருந்ததைப் பிறகுதான் பார்த்தேன். உச்சியில் தலையை நீட்டியபோது அத்தான் கால் நீட்டிப் படுத்திருந்தார். தலை அவள் மடியில் இருந்தது. அவள் கை அவர் நெஞ்சின்மேல். சுற்றிலும் காற்று பிய்த்துக்கொண்டு போனது. பரப்பின மீனைக் காக்காய் தூக்கிக்கொண்டிருந்தது, அவள் ஓட்டவில்லை.

“அத்தான்” என்றேன். குனிந்து காதை வைத்தேன். ஒன்றுமில்லை.

“காத்து வந்திச்சிமே” என்றாள் அவள். “வந்ததும் படுத்துக்குறேன்னாரு. படுத்தாரு. ஒரு மூச்சு இஸ்தாரு பாரு, சத்தமே இல்ல. நம்ம வுடுற மாதிரியே, அவ்ளோ சுளுவா. நான் நல்லாத் தூங்குறாருன்னு நெனச்சேன்.”

அவள் அழுதுகொண்டிருந்தாள். நான் அவருடைய தலையை அவள் மடியிலிருந்து பிடுங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். “கையை எடு” என்றேன். எடுத்தாள்.

கல்லைக் குற்றம் சொல்லலாம். கான்ட்ராக்டரைச் சொல்லலாம், மிளகாயைச் சொல்லலாம், எல்லாரையும் நான் ஏசித் தீர்த்துவிட்டேன். அவள் கெட்டவள் இல்லை என்று எனக்குத் தெரியும். அவளால்தான் அவர் இரண்டு கோடை கூடுதலாக இருந்தார் என்றும் தெரியும். இருந்தும் என்னால் அவளை மன்னிக்க முடியவில்லை. ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து அவர் மூச்சுக்குக் காது கொடுத்தவள் நான். விசில் இல்லாமல் அவர் விட்ட அந்த ஒரு மூச்சைக் கேட்டவள் அவள்.